வாழமரம் கட்டுன வாசல்

வாசல்ல வாழமரம் கட்டிகீற ஊட்ட பாத்தா எல்லாருக்கும் இன்னா தோணும்? பந்தி எப்போ, பாயசம் உண்டா, மொய் எவ்ளோ எழுதறது, இதான் தோணும். எனக்கு அப்டி இல்ல. கேட்டுக்கு உள்ள மண்ணு எவ்ளோ கீது, வெயிலு எந்தப் பக்கம் உழுது, தண்ணி குழா எங்க வெச்சிகீறான், இதான் என் கண்ணுக்குப் படும். புது ஊட்டுக்கு பால் காய்ச்சறவன் தான் தோட்டம் போடுவான். பழைய ஊட்டுக்காரன் எங்க போடறான், கார் நிறுத்த எடமில்லனு இருக்கற மாமரத்தையே வெட்டிகினு கீறான்.

எங்க ஊட்டுக்காரரு பேரு லோகநாதன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி தோட்டத்த பாத்துகினு இருந்தாரு. கம்பெனிக்காரன் ஒரு நாளு புல்லு அத்தனையும் பேத்துட்டு அங்க ஷெட்டு போட்டுட்டான். "கையில தொழிலு கீது, எவன்கிட்டயோ ஏன்யா போவணும், சொந்தமா செய்யி"னு நான் சொன்னேன். பழைய லோடு ஆட்டோ ஒன்னு வாங்கினோம். அதுல 'வடிவு கார்டன்'னு அவரே பெயிண்டு அடிச்சாரு. வடிவு நான் தான். என் பேர வண்டில பாத்த அன்னிக்கி ஊட்டுக்குள்ள போயி அழுதேன்.

தொழில் தெரிஞ்சா போதும்னு நெனச்சோம். ஆளு கெடைக்கறது தான் பெரும்பாடுனு அப்பால தான் தெரிஞ்சிது. பூந்தமல்லில இருந்து ஆவடி வரைக்கும் எங்க பாத்தாலும் புது ஊடுங்க தான், இல்லன்னு சொல்லல. ஆனா நெலம் விக்கிற விலைக்கு எவன் மண்ண சொம்மா உடறான்? ஊட்ட சுத்தி ஒரு முழம் உட்டு, அதையும் சிமெண்டு கல்லு போட்டு மூடிடறான். கேட்டா பூரான் வரும்மா, பாம்பு வரும்மான்றான். பச்சையா ஏதாச்சும் வேணும்னு ஊட்டம்மா ஆசப்பட்டா, ஆன்லைன்ல பிளாஸ்டிக் புல்லு வாங்கி பாய் மாதிரி விரிச்சிடறான். அதுக்கு தண்ணி ஊத்த வேணாம், வெட்ட வேணாம், செருப்பு காலோட மிதிச்சாலும் சாவாது. உசுரு இல்லாதது எப்டி சாவும்?

அப்போ தான் எனக்கு இந்த வாழமர யோசன வந்திச்சி. பால் காய்ச்சறப்போ வாசல்ல ரெண்டு பக்கமும் குலையோட மரம் கட்டுவாங்க இல்ல? விசேசம் முடிஞ்சப்பால அத்த எவனும் தொட மாட்டான். மங்கலமா கட்டுனத நம்ம கையாலயே அவுத்து குப்பைல போடறதானு ஒரு தயக்கம். பந்தல்காரன் அவன் சேர எடுத்துகினு பூடுவான். குப்பை வண்டிக்காரன், இவ்ளோ பெருசெல்லாம் ஏத்த மாட்டேன்னு மூஞ்சிய திருப்பிப்பான். மரம் அங்கியே தொங்கி, அழுவி, கொசு மொய்ச்சிகினு கெடக்கும். நாங்க ஒரு நாளு உட்டு வண்டிய எடுத்துகினு போவோம். "சார், மரத்த நாங்க எடுத்துகினு போறோம், ஒன்னியும் தர வேணாம்"னு நான் ஆரம்பிப்பேன். மரத்த எடுத்துட்டு ஒரு துளசித் தொட்டி குடுப்போம். தொட்டில எங்க போன் நம்பர் ஒட்டிருக்கும். புது ஊட்டுக்கு வர்ற துளசிய எவன் வேணாம்பான்?

ஐயப்பன்தாங்கல்ல ஒரு வாட்டி அப்டி நீட்டுனா, உள்ள செவுத்துல ஏசு படம் மாட்டிகீது. அவங்களும் வாழமரம் கட்டறாங்கப்பா, நான் இன்னா பண்ணுவேன்? அந்தம்மா நல்லவங்க. சிரிச்சிகினே, ரோஜா இருந்தா குடும்மான்னாங்க. மத்தவங்கள்ல முக்காவாசி பேரு துளசிய வாங்கி உள்ள வெச்சிட்டு கேட்ட சாத்திகினாங்க.

பேசறதெல்லாம் நான் தான். அவரு தொட்டிய மாருல அணைச்சிகினு எனக்குப் பின்னால நிப்பாரு. வாச்மேன் 'அந்தாண்ட போ'ன்னா நான் மல்லுக்கு நிப்பேன், அவரு வண்டியாண்ட போயி நின்னுப்பாரு. "யோவ், நீ இன்னா ஊமையா? உன் தொழிலுக்கு தான்யா நான் தொண்ட தண்ணி வத்த கத்திகினு கீறேன்"னு எத்தினி வாட்டி ரோட்லயே வெச்சி கேட்டிருப்பேன். சிரிப்பாரு. கூச்சம்னு நெனச்சேன். கல்யாணத்தன்னிக்கே தாலி கட்டக்கூட கூச்சப்பட்ட ஆளு தானே.

இதுக்கு நடுவுல தமிழ்வாணன் வந்து சேந்தான். எஸ்டேட்ல இவரு கூட வேல செஞ்சவன், இப்போ கத்தார்ல ஒரு பெரிய ஓட்டலு தோட்டத்துல கீறான். பொங்கலுக்கு வந்தவன், "லோகு, எங்க தோட்டத்துல ஒரு ஆளு வேணும்ன்றான், விசா வாங்கித் தர்றேன், வரியா?"னு கேட்டு வெச்சிட்டுப் பூட்டான். போனா ரெண்டு வருசம் திரும்ப முடியாது. எங்களுக்கு கொழந்த இல்ல. எனக்குனு இந்த ஒலகத்துல இருக்கறது அந்த மனுசன் ஒருத்தரு தான். அவரையும் பாலைவனத்துக்கு அனுப்பிட்டு, முத்தாபுதுப்பேட்டைல நான் செவுத்தோட பேசிகினு குந்தி இருக்கணுமா?

"வைகாசி முடியற வரைக்கும் பாக்கலாம்யா"னு நான் பேரம் பேசினேன். "வருசம் பூரா பாத்துக்கற மாதிரி ஒரே ஒரு பெரிய எடம் வரட்டும், நீ போவ வேணாம். வரலன்னா போ, நான் தடுக்க மாட்டேன்." ஏன் வைகாசின்னா, அப்பால ஆனியும் ஆடியும். அந்த ரெண்டு மாசமும் எவனும் புது ஊட்டுக்கு பால் காய்ச்ச மாட்டான். வாழமரமே இல்லாத ரோட்ல நான் எங்க போயி ஆள புடிக்கறது? அவரு 'சரி'ன்னாரு.

வைகாசி முக்காவாசி ஓடிப் போச்சி. வந்ததெல்லாம் ரெண்டு தொட்டி, நாலு தொட்டி. ஒரு ஊட்ல மல்லி பந்தல். தமிழ்வாணன் தெனமும் போன்ல கேட்டுகினு கீறான். நான் அந்த போன பாத்தாலே சாபம் குடுத்தேன்.

மாசக் கடைசில தான் ஜெகதீஷ் சாரு கூப்ட்டாரு. பூந்தமல்லிக்கு அந்தாண்ட புதுசா ஒரு வில்லா குடியிருப்பு, அதுக்கு அவரு செக்ரட்டரி. உள்ள பார்க்கு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம், கிளப்ப சுத்தி புல்லு, எல்லாம் பில்டரு வெச்சிட்டுப் போனது, பாதி காஞ்சி கெடக்குதாம். எங்க துளசி வாங்கின யாரோ நம்பர் குடுத்துகீறாங்க. "வருஷ காண்ட்ராக்ட்மா. எனக்கு ஓகே. பிரசிடென்ட் சார் ஒருதடவை பார்த்து சரின்னு சொல்லணும். இந்த வாரம் அவர் வீட்டு கிரகப்பிரவேசம். அது முடிஞ்சதும் வந்து பாருங்க"ன்னாரு.

கிரகப்பிரவேசம்னு காதுல உழுந்ததும் எனக்கு காலு தரைல நிக்கல. இது நம்ம பாடமாச்சே! அம்மன் கோயிலுக்கு ஓடிப் போயி சூடம் ஏத்திட்டு வந்தேன். அவருகிட்ட சொன்னேன். பூச்செடிக்கு மண்ணு கொத்திகினு இருந்தவரு, கொத்தறத நிறுத்திட்டு, "அப்டியா"ன்னாரு.

அந்த வாரம் புதன்கெழம முகூர்த்தம். வியாழக்கெழம மத்தியானமே நான் வண்டிய எடுக்கச் சொன்னேன். வெயிலு மண்டைய பொளக்குது. மெட்ரோ வேலைக்குனு ரோட்ட அடைச்சி எங்கெங்கியோ சுத்த உட்டான். போயி சேர்றதுக்குள்ள நான் தண்ணி பாட்டில்ல பாதிய தலையிலயே ஊத்திகினேன்.

வாச்மேன் ஜெகதீஷ் சாரு பேர சொன்னதும் உட்டுட்டான். பிரசிடென்ட் ஊட்டு வரிசைலயே முந்தின நாளு பால் காய்ச்சுன ஊடு இன்னொன்னு இருந்திச்சி. அந்த ஊட்டுப் பொண்ணு எங்கள பாத்ததும், "அய்யோ, எடுத்துட்டுப் போங்கக்கா, எறும்பா ஏறுது"னு கும்புடாத கொறையா சொல்லிச்சி. அத்த அவுத்து வண்டில போட்டோம். அப்பால நாலு ஊடு தள்ளி பிரசிடென்ட் ஊடு. பெரிய கேட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு மரம், எல எல்லாம் அதே மாதிரி தொவண்டு தொங்குது. ஊடு பூட்டிகீது. ஆளு அரவமே இல்ல.

எனக்கு அப்போ தான் அந்த புத்தி போச்சி. கேட்டு செய்யறத விட கேக்காம செஞ்சி வெச்சா மனுசன் அசந்துடுவாரு இல்ல? சாயந்திரம் வந்து பாப்பாரு, வாசலு பளிச்சினு கீது, துளசி கீது, யாருய்யா இது இவ்ளோ பொறுப்பானு கேப்பாரு, ஜெகதீஷ் சாரு எங்க பேர சொல்லுவாரு. அப்டியே படம் ஓடிச்சி எனக்கு.

"அவுருயா"ன்னேன்.

அவரு மரத்தாண்ட போயி குனிஞ்சி அடிய தொட்டாரு. வெரல ஒன்னோட ஒன்னு தேச்சி பாத்தாரு. நிமுந்து என்ன பாத்து, "ஒருவாட்டி ஜெகதீஷ் சாருக்கு போன் பண்ணி கேட்டுடேன், வடிவு"ன்னாரு.

"கேட்டு கேட்டு தான்யா எல்லாம் நாசமா பூட்ச்சி! உனுக்கு ஒரு வேல செய்யறதுக்குள்ள ஆயிரம் ரோசன. அவுக்கறியா, நான் அவுக்கட்டா?"

அவரு மரத்த இன்னொரு வாட்டி பாத்தாரு. அப்புறம் இடுப்புல இருந்து கத்திய எடுத்து கயித்த அறுத்தாரு. ரெண்டு மரத்தையும் அவரே தோள்ல தூக்கி வண்டில போட்டாரு. நான் வாசல கூட்டி, தண்ணி தெளிச்சி, துளசித் தொட்டிய நடுவுல வெச்சேன். வர்ற வழியெல்லாம் பாட்டு பாடிகினே வந்தேன், வெக்கங்கெட்டவ.

எங்க ஊட்டாண்ட வேம்புலியம்மாள்னு ஒரு அக்கா மாடு வெச்சிகீறாங்க. எடுத்துகினு வர்ற மரத்தையெல்லாம் அவங்க மாட்டுக்கு தான் போடுவோம். அவங்க அருவாளோட வந்து மரத்த நறுக்க ஆரம்பிச்சாங்க. முதல் ஊட்டு மரத்த நறுக்கினாங்க. பிரசிடென்ட் ஊட்டு மரத்துல ரெண்டு வெட்டு போட்டுட்டு அருவாள நிறுத்திட்டாங்க.

"இன்னாடா லோகு, இது இன்னிக்கி வெட்டுன மரம்டா. அடி காயவே இல்ல, கறை கையில பிசுபிசுன்னு ஒட்டுது பாரு. குலைல ஒரு காயி கூட வாடல. இத்த போயா இஸ்துகினு வந்த?"

அவரு வண்டிய கழுவப் பூட்டாரு. நான் தான், "வெயில்ல எல தொங்கிடிச்சிக்கா, நேத்து கட்டுனது தான்"னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கே சந்தேகம் வந்துடிச்சி. உள்ள ஓடிப் போயி காலண்டர பாத்தேன். வெள்ளிக்கெழமயும் முகூர்த்தம். வைகாசியோட கடைசி முகூர்த்தம். பால் காய்ச்சறது நாளைக்கி! அதுக்கு தான் இன்னிக்கே மரம் கட்டி வெச்சிகீறாங்க!

போன் அடிச்சிது. ஜெகதீஷ் சாரு. "ஏம்மா, உங்களுக்கு அறிவிருக்கா?"ன்னாரு. "விடிஞ்சா ஹோமம். பிரசிடென்ட் சாரோட அம்மா வந்து வாசல்ல மரம் இல்லாததைப் பார்த்துட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. விசேஷத்துக்கு முன்னாடி வாசல் மரத்தை யாராவது அறுப்பாங்களா? கேமராவுல பார்த்தா நீங்க ரெண்டு பேரும்! நான் தானே உங்களை உள்ள விடச் சொன்னேன், என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கிறது?"

நான் வெளிய வந்து பாத்தேன். மரம் ரெண்டும் துண்டு துண்டா கெடக்குது, மாடுங்க தின்னுகினு கீதுங்க. அந்த நேரத்துக்கு மேல எந்த மார்க்கெட்லயும் குலையோட மரம் கெடைக்காது, கடைசி முகூர்த்தம்னு எல்லாம் வித்து பூடும். நான் வேம்புலியம்மாள் அக்கா கால புடிச்சிகினேன். அவங்க ஊட்டு பின்னால ரெண்டு மரம் குலை தள்ளி நின்னிச்சி, இன்னும் பழுக்கல. காய் முத்தட்டும்னு ஆசையா காத்துகினு இருந்த மரம். அக்கா என்னயும் பாத்தாங்க, அவரயும் பாத்தாங்க. "நல்ல காரியத்துக்கு தானே, வெட்டிக்கோ"ன்னாங்க.

நாங்க போயி சேரும்போது அங்க வெளக்கு ஏத்திட்டாங்க. ஒறவுக்காரங்க வந்து எறங்கிகினு கீறாங்க, பட்டுப் பொடவையும் தாம்பாளமுமா. நான் கேட்டாண்ட போயி கும்புட்டேன். பிரசிடென்ட் சாரு மூஞ்சிய திருப்பிகினாரு, திட்டுனா கூட தேவல. அவரு அம்மா ஒரு நாற்காலில குந்தியிருந்தாங்க. "இவங்க கை படக் கூடாது. வேற யாராவது வாங்கிக் கட்டுங்க"ன்னாங்க. கட்றதுக்கு ஆளு தேடி யாரோ போனாங்க. அது வரைக்கும் எங்க ஊட்டுக்காரரு மரத்த தோள்ல வெச்சிகினு அங்கியே நின்னாரு. கீழ வெக்கறதுக்கும் தோது இல்ல, கோலம் போட்டு வெச்சிகீறாங்க. வர்றவங்க எல்லாம் அவர சுத்திகினு உள்ள போனாங்க. நான் மன்னிச்சிடுங்கம்மா, மன்னிச்சிடுங்கம்மானு சொல்லிகினே இருந்தேன். வேத்து ஆளுங்க முன்னாடி நான் அழுதது அன்னிக்கி தான்.

ஊட்டுக்கு வந்து அப்டியே படுத்துட்டோம். காலைல எழுந்ததும் எனக்கு வேம்புலியம்மாள் அக்கா சொன்னது தான் நெஞ்சுல நின்னிச்சி. கறை கையில ஒட்டுதுன்னாங்களே. இந்த மனுசனும் தானே அடிய தொட்டு வெரல தேச்சி பாத்தாரு?

அவரு வாசல்ல தொட்டிங்களுக்கு தண்ணி ஊத்திகினு இருந்தாரு. நான் போயி எதுக்க நின்னேன்.

"யோவ், அது புதுசா வெட்டுன மரம்னு உனுக்கு தெரியுமா, தெரியாதா?"

ஊத்தறத நிறுத்தல. "தெரியும்."

"எப்போ தெரியும்?"

"கைய வெச்சதுமே."

"அப்போ ஏன்யா சொல்லல? மரம் புதுசுடி, நிறுத்துடினு ஒரு வார்த்த சொன்னா உன் வாயில இருந்து முத்தா கொட்டிடும்?"

குவளைய கீழ வெச்சாரு. "போன் பண்ணி கேளுன்னேன். நீ கத்துன. சரி, விதி உட்ட வழி ஆவட்டும்னு அறுத்துட்டேன். சொல்லிருந்தா அந்த காண்ட்ராக்ட்டு வந்துருக்கும், வடிவு."

எனக்கு மொதல்ல புரியல. புரிஞ்சப்பால வாயில வந்ததெல்லாம் கொட்டினேன். பேமானி, துரோகி, என் வயித்தெரிச்சல கொட்டிக்கறியே, நீ உருப்புடுவியானு தெரு கேக்க கத்தினேன். அவரு எல்லாத்தையும் வாங்கிகினு நின்னாரு. நான் மூச்சு வாங்கறப்போ தான் பேசினாரு. எங்க கல்யாணத்துக்கு அப்பால அவரு அவ்ளோ நேரம் பேசி நான் கேட்டதில்ல.

"எனக்கு மண்ணு வேல தெரியும். ஊடு ஊடா கேட்டாண்ட போயி நிக்கற வேல தெரியாது. நீ கெஞ்சற, நான் பின்னால தொட்டிய புடிச்சிகினு நிக்கறேன். எவனோ ஒருத்தன் உன்ன 'போம்மா'ன்றான். நீ தொடச்சிகினு அடுத்த கேட்டுக்கு போற. என்னால முடியல. ஒவ்வொரு முகூர்த்தமும் விடியறப்போ எனக்கு காச்சலு வந்துடாதானு கீது. காண்ட்ராக்ட்டு வந்தா மட்டும்? வருசா வருசம் இவனுங்கள கும்புட்டு கும்புட்டு புதுப்பிக்கணும். அங்க போனா ஆளு புடிக்க வேணாம். காட்டுற புல்லுக்கு தண்ணி ஊத்துவேன், வந்து படுத்துப்பேன். உன்ன உட்டு போவணும்னு இல்லடி. இதுல இருந்து போவணும்."

"ரெண்டும் ஒன்னு தான்யா"ன்னேன். அவரு குவளைய எடுத்து மறுபடியும் தண்ணி ஊத்த ஆரம்பிச்சாரு.

மத்தியானம் நான் அடுப்பாண்ட குந்திகினு இருந்தேன். கொழம்பு கொதிக்குது. போன் அடிச்சிது, மறுபடியும் ஜெகதீஷ் சாரு. இன்னும் திட்டு பாக்கி கீது போலனு எடுத்தேன்.

"பூஜை நல்லபடியா முடிஞ்சதும்மா"ன்னாரு. கொரலு வேற மாதிரி இருந்திச்சி. "சாரோட அம்மா, பெரியம்மாவே சொல்லிட்டாங்க. தப்பு பண்ணினவங்க போனை ஆஃப் பண்ணிட்டு ஓடாம, அதைவிட நல்ல மரமா கொண்டாந்து நின்னாங்களே, அவங்களுக்கே குடுங்கன்னு. சாரும் சரின்னுட்டார். திங்கக்கிழமை உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. தினமும் அவரே நின்னு பாக்கணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்."

ஒரு நாளு கூட விடாம நான் வேண்டிகினது இதுக்கு தான். போன கையால மூடிகினு வெளிய வந்தேன். அவரு வேப்பமரத்து நெழல்ல குந்தி கத்திய தீட்டிகினு இருந்தாரு.

"காண்ட்ராக்ட்டு நமக்கே தர்றாங்களாம். திங்கக்கெழம உன்ன வரச் சொல்றாங்க. இன்னா சொல்லட்டும்?"

அவரு நிமுந்து பாத்தாரு. நான் சொல்றேன், சாவு சேதி கேட்டவன் மூஞ்சி கூட அப்டி ஆவாது. பிடிச்சி இழுத்து கொண்டாந்த ஆடு மாதிரி என்ன பாத்தாரு. அப்பால தலைய குனிஞ்சிகினு, "உன் இஷ்டம்"ன்னாரு. சொன்ன சொல்ல காப்பாத்துவாரு, எனக்கு தெரியும். போவ மாட்டாரு. திங்கக்கெழம போயி அந்த கேட்ல நிப்பாரு, சாவற வரைக்கும் நிப்பாரு.

நானே வர்றேன் சாருனு சொல்ல வாய் வரைக்கும் வந்திச்சி. எனக்கு இன்னா கேடு, அவரு கூட சுத்தி சுத்தி எல்லா வேலயும் தெரியும். ஆனா இத்தினி நாளு நான் தெருத்தெருவா அலைஞ்சது தோட்டத்துக்கா? அந்த ஆளு இங்க இருக்கணும்னு தானே? அவரு இல்லாத புல்லுக்கு நான் எதுக்கு தண்ணி ஊத்தணும்?

"சாரு"ன்னேன். "பெரியம்மாக்கு என் கும்புடு சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு வெளிநாட்டுக்கு போறாரு. நீங்க வேற ஆள பாத்துக்குங்க."

சாரு ஏதோ கேட்டாரு, நான் வெச்சிட்டேன்.

எங்க ஊட்டுக்காரரு கத்திய கீழ வெச்சாரு. எழுந்து போயி கை காலு கழுவிகினு வந்து தட்டு முன்னாடி குந்தினாரு. சோறு போட்டு கொழம்பு ஊத்தினேன். ரொம்ப நாளா பாதி சோத்துல கைய கழுவற மனுசன், அன்னிக்கி வழிச்சி சாப்ட்டாரு. சாப்ட்டுட்டு, "இன்னும் கொஞ்சம் போடு"னு தட்ட நீட்டுனாரு.

போட்டேன்.